தோல் அட்டையிட்ட பழைய தத்துவ நூல்களைச் சேகரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் அட்டை இருந்தாலே அது பழைய நூல்தானா?

இல்லை. தோலின் வயதும் நூலின் வயதும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பாவில் பல நூல்கள் அச்சகத்திலிருந்து வெறும் தாள்களாகவோ, தற்காலிகக் காகித அட்டையிலோதான் வெளிவந்தன. வாங்கியவர் தன் வசதிக்கேற்ப பைண்டரிடம் கொடுத்துத் தோல் போட்டுக்கொண்டார். கடைக்காரரே எளிய தோல் அட்டை போட்டு விற்றதும் உண்டு. பதிப்பாளரே எல்லாப் பிரதிக்கும் ஒரே மாதிரித் துணி அட்டை போட்டு விற்கும் வழக்கம் 1820களில்தான் தொடங்கியது. ஆகவே 1690இல் அச்சான ஒரே பதிப்பின் மூன்று பிரதிகளில் ஒன்று அந்தக் காலத்துக் கன்றுத்தோலிலும், இன்னொன்று பார்ச்மென்டிலும் (பதனிடாமல் உலர்த்திய தோல்), மூன்றாவது இருநூறு ஆண்டு கழித்துப் போட்ட சிவப்பு மொராக்கோவிலும் (வெள்ளாட்டுத்தோல்) இருக்கலாம். மூன்றுமே சரியானவைதான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் சந்தாதாரர்களுக்கென்று பிளேட்டோ முதல் நீட்ஷே வரை தோல் அட்டை, தங்க ஓரம், பட்டு நாடாவுடன் அச்சிட்ட வரிசைகள் ஏராளம். அலமாரிக்கு அழகு. ஆனால் அவை பழைய நூல்கள் அல்ல. தோல்தூளைப் பசையில் கலந்து அழுத்திச் செய்த ‘பாண்டட் லெதர்’ அட்டையும் இவற்றோடு கலந்து வரும். விற்பனைக் குறிப்பில் ஆண்டு இல்லாமல் ‘விண்டேஜ் தோல் நூல்’ என்று மட்டும் இருந்தால், தலைப்புப் பக்கத்தின் படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எந்தப் பதிப்பு, அடுத்து முழுமையாக இருக்கிறதா, மூன்றாவது தாளின் நிலை, கடைசியாகத் தோல். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிழிந்த தோலைச் சரிசெய்ய ஆள் உண்டு. காணாமல்போன எட்டுப் பக்கங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

தத்துவ நூல்களில் முதல் பதிப்புதான் முக்கியமா?

சந்தையில் முதல் பதிப்புக்குத்தான் விலை. ஆனால் தத்துவத்தில் இந்த விதி இலக்கியத்தில் போலப் பொருந்தாது. தத்துவ ஆசிரியர்கள் தம் நூலைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். புகழ்பெற்ற வாதம் முதல் பதிப்பிலேயே இல்லாமல் போவதும் உண்டு.

ஜான் லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் 1690 என்றிருக்கும் (கடைக்கு வந்தது 1689 டிசம்பர்). ஒருவர் நேற்றும் இன்றும் அதே ஆளாக இருப்பது எப்படி என்று லாக் ஆராயும் அத்தியாயம் அதில் கிடையாது. 1694இன் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. எண்ணங்களின் தொடர்பு பற்றிய அத்தியாயம் 1700இன் நான்காம் பதிப்பில் வந்தது. கான்ட்டின் ‘தூய அறிவின் விமர்சனம்’ ரீகா நகரில் ஹார்ட்க்னோக் வெளியீடாக 1781இல் வந்தது. 1787இன் இரண்டாம் பதிப்பில் முன்னுரை புதிது, மையமான பகுதிகள் திருத்தி எழுதப்பட்டவை. இன்றைக்கும் ஆய்வாளர்கள் இரண்டு பதிப்பின் பக்க எண்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். தெகார்த்தின் ‘தியானங்கள்’ பாரிஸில் 1641இல் வந்தபோது, ஆன்மாவின் அழியாமையை நிரூபிப்பதாகத் தலைப்பிலேயே இருந்தது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் பதிப்பில் அந்த வாக்கு மறைந்து, ஆன்மாவுக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாட்டை நிரூபிப்பதாக மாறியது. நூலோடு சேர்த்து அச்சிட்ட பிறரின் மறுப்புரைகளில் ஏழாவதும் அதில்தான் சேர்ந்தது.

இந்த இரண்டாம், நான்காம் பதிப்புகள் முதல் பதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாசித்துச் சேகரிப்பவருக்கு இந்தத் துறையில் இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

அச்சு ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கிறது. எப்படிப் படிப்பது?

எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. பழைய லத்தீன் நூல்களில் எம் இருக்கவேண்டிய இடத்தில் சி, ஐ, தலைகீழ் சி ஆகிய மூன்றும் ஒட்டி நிற்கும், அதுவும் 1000தான். ஐயும் தலைகீழ் சியும் மட்டும் சேர்ந்தால் 500. நான்கை ஐ நான்கு முறை எழுதியும் காட்டுவார்கள். கொஞ்சம் பழகினால் போதும்.

தலைப்புப் பக்கத்தில் உள்ள ஊர், ஆண்டு, பெயர் எல்லாவற்றையும் நம்பலாமா?

தத்துவ நூல்களில் நம்பக்கூடாது. தணிக்கைக்கும் தண்டனைக்கும் பயந்து பொய் விவரம் அச்சிட்டது இந்தத் துறையில் சாதாரணம். ஸ்பினோசாவின் ‘இறையியல்-அரசியல் ஆய்வு’ 1670இல் ஆசிரியர் பெயரின்றி, ஹாம்பர்கில் குன்ராட் என்பவர் வெளியிட்டதாக வந்தது. உண்மையில் அச்சானது ஆம்ஸ்டர்டாமில். 1670 என்றே போட்ட பதிப்புகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. பக்க எண்களில் உள்ள அச்சுப் பிழைகளையும், பதிப்பாளர் பெயரின் எழுத்துக்கூட்டலையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஸ்பினோசா இறந்தபின் 1677இல் வந்த தொகுப்பில் ஊரும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. ஆசிரியர் பெயருக்கு மூன்று எழுத்துகள் மட்டும்.

ஹாப்ஸின் ‘லெவியதான்’ இன்னொரு பாடம். 1651 என்று ஆண்டு போட்ட மூன்று பதிப்புகள் உண்டு. தலைப்புப் பக்கத்து அச்சுச் சித்திரத்தை வைத்து ‘தலை’, ‘கரடி’, ‘அலங்காரம்’ என்று பெயர். சிறகு முளைத்த தலை உள்ளதுதான் உண்மையான முதல் பதிப்பு. மற்ற இரண்டும் பின்னால் அச்சிட்டு, பழைய ஆண்டைப் போட்டவை. ‘1651, முதல் பதிப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சித்திரம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஆசிரியர் பெயர் இல்லாததும் குறையல்ல. தெகார்த்தின் ‘முறை பற்றிய உரை’ (லைடன், 1637), ஹ்யூமின் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வு’ (1739–40) இரண்டுமே பெயரின்றி வந்தவை. இவற்றின் தலைப்புப் பக்கத்தில் அச்சிலேயே பெயர் இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

நூல் முழுமையாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பக்க எண்ணை மட்டும் நம்பவேண்டாம். பழைய அச்சகங்களில் பக்க எண் தவறாக விழுவது அன்றாட விஷயம். 104க்குப் பதில் 304 என்றிருந்தால் 200 பக்கம் காணோம் என்று பொருளல்ல. ஃபாரக் குறியைப் பாருங்கள்.

ஃபாரம் என்பது ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள்கட்டு. ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் சில தாள்களின் அடியில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும்: பி, பி2, பி3 என்று. பைண்டர் வரிசை தவறாமல் தைப்பதற்கான அடையாளம் அது. பழைய அச்சில் இதற்கு 23 எழுத்துகள்தான். ஐயும் ஜேயும் ஒன்று, யூவும் வியும் ஒன்று, டபிள்யூ கிடையாது. ஆகவே ஐக்கு அடுத்து கே வந்தால் பதறவேண்டாம். ஆக்டேவோ நூலில் (முழுத்தாளை மும்முறை மடித்தது) ஒரு ஃபாரத்துக்கு 8 தாள், அதாவது 16 பக்கம். ஒரு முழு எழுத்து வரிசை முடிந்தால் 184 தாள், 368 பக்கம். பிறகு இரட்டை எழுத்தில் மீண்டும் தொடங்கும்.

சரிபார்க்கும் முறை: நூலை நுரைத் தாங்கியில் வைத்து, 90 முதல் 120 டிகிரிக்கு மேல் விரிக்காமல், ஒவ்வொரு ஃபாரமாகத் தாளை எண்ணுங்கள். எண்ணும்போதே பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே வலது ஓரத்தில் தனியாக நிற்கும் சொல்லைப் பாருங்கள். அடுத்த பக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்கவேண்டும். தொடங்காவிட்டால் தாள் காணோம், அல்லது வரிசை மாறியிருக்கிறது, அல்லது அச்சுப் பிழை. ஃபாரக் குறி மூன்றில் எது என்று சொல்லிவிடும். 400 பக்க நூலுக்கு இருபது நிமிடம் போதும்.

கிடைத்த எண்ணிக்கையை நூற்பட்டியலோடு ஒப்பிடுங்கள். 1501க்கு முந்தையவற்றுக்கு ஐஎஸ்டிசி, 1800 வரையிலான ஆங்கில நூல்களுக்கு இஎஸ்டிசி, ஜெர்மன் மொழிப் பகுதிகளுக்கு விடி 16, விடி 17, விடி 18. எல்லாமே இணையத்தில் இலவசம். பெரிய நூலகங்களின் ஸ்கேன் பிரதி இருந்தால் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். ஆனால் ஸ்கேன் செய்த பிரதியே குறையுள்ளதாக இருக்கலாம். இரண்டு பிரதிகளையாவது பாருங்கள்.

அதிகம் காணாமல் போவது எது?

செப்புத்தகட்டில் அச்சிட்ட படங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காக வெட்டி எடுத்துவிடுவார்கள். ‘லெவியதான்’ முகப்புப் படம், குடிமக்களின் உடல்களாலேயே ஆன அந்தப் பேரரசன், இதற்குப் பெயர்போனது. அதே நூலில் அறிவுத்துறைகளைப் பிரித்துக் காட்டும் மடிப்பு அட்டவணையும் கிழிந்தோ இல்லாமலோ இருக்கும். அடுத்தது குறுந்தலைப்புத் தாள்: முழுத் தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் நூலின் பெயர் மட்டும் உள்ள தாள். பைண்டர்கள் வீண் என்று கழித்துவிடுவார்கள். பிழைதிருத்தப் பட்டியல், கடைசி வெற்றுத்தாள், பதிப்பாளரின் விளம்பரப் பக்கங்கள் ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

எல்லா இல்லாமையும் குறையல்ல. ஸ்பினோசாவின் 1677 தொகுப்பில் ஆசிரியரின் உருவப்படம் சில பிரதிகளில் மட்டுமே உண்டு. இல்லையென்றால் பிரதி குறையுள்ளது என்று சொல்ல முடியாது, இருந்தால் கூடுதல்.

பல தொகுதிகள் கொண்ட நூலில் என்ன பார்க்கவேண்டும்?

ஒன்றோடொன்று பிறந்த தொகுதிகளா, பின்னால் ஜோடி சேர்த்தவையா என்று. ஹ்யூமின் நூலில் முதல் இரண்டு தொகுதிகள் 1739இல் ஜான் நூன் வெளியிட்டவை. மூன்றாவது 1740இல் தாமஸ் லாங்மன் வெளியிட்டது. முதல் இரண்டை வாங்கிய பலர் மூன்றாவதை வாங்கவில்லை, அதனால் மூன்றும் ஆதியிலிருந்தே ஒன்றாக இருக்கும் பிரதி அரிது.

உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். முதுகின் பட்டைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, உள்ஒட்டுத் தாள் ஒரே வகையா, ஒரே உரிமையாளரின் கையெழுத்து எல்லாத் தொகுதியிலும் உண்டா, பூச்சித்துளை ஒன்றில் முடிந்து அடுத்ததில் தொடர்கிறதா என்று கவனியுங்கள். கடைசிச் சான்றைப் போலியாக உருவாக்குவது மிகக் கடினம்.

ஃபோலியோ, குவார்ட்டோ, ஆக்டேவோ: அளவா, வேறா?

மடிப்பு. முழுத்தாளை ஒருமுறை மடித்தால் ஃபோலியோ (2 தாள்), இருமுறை மடித்தால் குவார்ட்டோ (4), மும்முறை ஆக்டேவோ (8). டியோடெசிமோவில் 12. கையால் செய்த பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகள் தெரியும். ஃபோலியோவிலும் ஆக்டேவோவிலும் அவை மேலிருந்து கீழாக ஓடும். குவார்ட்டோவிலும் டியோடெசிமோவிலும் பெரும்பாலும் குறுக்காக. 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து கோடே இல்லாத வழவழப்பான தாளும் வரும், அங்கே இந்தச் சோதனை உதவாது.

இதற்கு ஒரு பெரிய பயன் உண்டு. ஒரே ஒரு தாளில் மட்டும் கோடுகளின் திசையோ இடைவெளியோ மாறினால், அது வேறு பிரதியிலிருந்து வந்த தாளாகவோ, நகல் தாளாகவோ, அச்சகமே பிழைதிருத்தி மாற்றிய தாளாகவோ இருக்கும். கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள். உலோக எழுத்து அழுந்திய பள்ளம் அசலில் தெரியும். நகலில் பரப்பு தட்டையாகவே இருக்கும்.

தோலின் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று வாங்குங்கள். கன்றுத்தோல் வழவழப்பாக, மயிர்த்துளை கண்ணில் படாத அளவு நுண்மையாக இருக்கும். மொராக்கோ எனப்படும் வெள்ளாட்டுத்தோலில் மேடுபள்ளமான மணிகள் தெரியும். நல்ல மொராக்கோ எல்லாவற்றையும்விட நீடித்து உழைக்கும். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடி நிற்கும். பெரும்பாலும் வெளிர்நிறம், ஜெர்மன் மொழிப் பகுதிகளின் பழைய ஃபோலியோக்களில் அதிகம். செம்மறித்தோல் மலிவானது, மேல்தோல் செதில்செதிலாக உரியும்; உரிவதைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். பார்ச்மென்ட் பதனிட்ட தோலே அல்ல, சுண்ணாம்பில் ஊறவைத்து இழுத்துக் கட்டி உலர்த்தியது. அதனால் காற்றின் ஈரத்துக்கு உடனே நெளியும்.

கன்றுத்தோலில் கருப்புப் புள்ளிகள் தெளித்ததும், மரக்கிளை போன்ற வடிவம் ஓடவிட்டதும் உண்டு. இரும்பு உப்புக் கரைசலால் செய்த வேலை அது. இரும்பு பட்ட இடத்தில் தோல் அரித்துக் குழி விழுந்திருக்கும். பூச்சி தின்றதென்று நினைத்து மருந்தடிக்கப் போகாதீர்கள்.

‘ரீபேக்’ செய்த நூலை வாங்கலாமா?

முதுகுத்தோலை மட்டும் புதிதாகப் போட்டதற்கு அந்தப் பெயர். பழைய முதுகை அதன்மேல் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஒழுங்காகச் செய்து, விற்பவர் சொல்லியும் விட்டால் தாராளமாக வாங்கலாம். வாசிப்பதற்கு இதுவே பாதுகாப்பு. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. அட்டையும் முதுகும் சேரும் மூட்டில் நிறமும் பளபளப்பும் திடீரென மாறுகிறதா, தங்க எழுத்து அட்டையின் பழமைக்குப் பொருந்தாமல் கூர்மையாக இருக்கிறதா, உள்மூட்டில் புதிய காகிதமோ துணியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: தாள்கள் சந்தேகப்படும்படி வெளுத்து, விரலில் துணிபோலத் துவண்டால், கறை போகக் கழுவியிருக்கிறார்கள். கந்தல்துணியிலிருந்து செய்த பழைய தாளைப் புரட்டினால் மொறுமொறுவென்று சத்தம் வரும். கழுவியதில் தாளுக்கு விறைப்புத் தரும் பசை போய்விடும், சத்தமும் போய்விடும்.

தொட்டால் கையில் செங்கல் நிறப் பொடி ஒட்டுகிறது. என்ன செய்வது?

இதற்கு ‘ரெட் ராட்’ என்று பெயர். மரப்பட்டைச் சாறுகளில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடை உறிஞ்சி, உள்ளே கந்தக அமிலம் உருவாகி, நார்கள் பொடியாகிப்போகும் நிலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போட்ட பைண்டிங்குகளில் மிக அதிகம். நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்த அறைகளும், அவசரமாகப் பதனிட்ட தோலும் காரணம். 17ஆம் நூற்றாண்டுத் தோல் திடமாக இருக்கும்போது அதன் பக்கத்திலிருக்கும் 1880ஆம் ஆண்டுத் தோல் உதிர்வது இதனால்தான்.

போன தோலை மீட்க முடியாது. பரவும் பொடியைக் கட்டுப்படுத்தலாம். ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸ் (வணிகப் பெயர் க்ளூசெல் ஜி) 2 கிராமை 100 மில்லிலிட்டர் எத்தனாலிலோ ஐசோபுரோப்பில் ஆல்கஹாலிலோ தூவிக் கலக்கி, மூடி ஓரிரவு விடுங்கள், தெளிந்த கூழாகும். மென்மையான தூரிகையால் தோலின் பொடியை முதலில் தட்டி எடுங்கள். கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்து, உலர்ந்தபின் நிறம் பாருங்கள். லேசாகக் கருக்கும், அதற்கு மேல் கருத்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு மெல்லிய ஒரு பூச்சு, அரை மணி நேரம் உலரவிட்டு, தேவைப்பட்டால் இன்னொன்று. தங்க எழுத்தின் மேல் தேய்க்கவேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது.

தண்ணீர் மட்டும் படவே கூடாது. கெட்டுப்போன தோலில் ஈரம் பட்டால் அந்த இடம் கருத்து, சுருங்கி, இறுகிவிடும். ஈரத்துணியால் துடைத்ததனாலும் தண்ணீர் கலந்த பசை பூசியதனாலும் பாழான முதுகுகள் கணக்கில்லை. அரிய நூலாக இருந்தால் நீங்களே எதுவும் பூசாதீர்கள். பெட்டியில் போட்டுப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

தோலுக்கு எண்ணெய், மெழுகு போடவேண்டாமா?

வேண்டாம். ஒருகாலத்தில் நூலகங்களே லானோலினும் மாட்டுக்கால் எண்ணெயும் கலந்து ஆண்டுதோறும் பூசின. இப்போது பெரும்பாலான நூலகங்கள் கைவிட்டுவிட்டன. எண்ணெய் தோலைத் தாண்டித் தாளில் இறங்கும், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், நாளடைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், பின்னால் பழுதுபார்க்கும்போது பசை ஒட்டாது. செருப்பு பாலிஷ் பற்றிப் பேசவே தேவையில்லை.

பழைய எண்ணெயின் கொழுப்பு வெளியே வந்து வெள்ளையாகப் படிவதும் உண்டு. பூஞ்சணம் என்று பயப்படுவார்கள். உருப்பெருக்கியில் பாருங்கள்: பூஞ்சணம் இழையிழையாகப் பஞ்சு மாதிரி இருக்கும், கொழுப்பு மணிமணியாக இருக்கும். லேசான வெதுவெதுப்பான காற்று பட்டால் கொழுப்பு உருகி மறையும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

எந்த வெப்பநிலையில், எப்படி வைக்கவேண்டும்?

ஈரப்பதம் 40 முதல் 55 விழுக்காடு, வெப்பம் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் உகந்தது. இந்த எண்களைப் பிடிப்பதைவிட ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பகலில் குளிரூட்டி, இரவில் நிறுத்துவது நிலையான 25 டிகிரியைவிடக் கெடுதல். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் வரும். 30க்குக் கீழே போனால் பார்ச்மென்ட் நெளியும், தோல் வெடிக்கும். ஒரு சிறிய ஈரமானியை அலமாரிக்குள்ளேயே வையுங்கள், அறைச் சுவரில் அல்ல.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டியிருக்கக் கூடாது. பின்னால் சில சென்டிமீட்டர் காற்றோட்டம் வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வேண்டாம், வெயில் நேரடியாகப் படவே கூடாது. ஆக்டேவோக்களை நிமிர்த்தி, நெருக்காமலும் சாயவிடாமலும் அடுக்குங்கள். கனத்த ஃபோலியோவைப் படுக்கவையுங்கள். நிமிர்ந்து நின்றால் தாள்கட்டின் எடையே மூட்டைப் பிய்த்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். உலோகக் கொக்கியுள்ள நூல் பக்கத்து நூலைக் கீறும், இடையில் அமிலமற்ற அட்டை ஒன்று செருகுங்கள்.

எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரலைக் கொக்கியாகப் போட்டு இழுக்காதீர்கள். அந்தச் சிறு தோல்மடிப்புதான் எல்லா நூலிலும் முதலில் பிய்வது. இருபக்கத்து நூல்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுவிலுள்ளதை இடுப்பில் பிடித்து எடுங்கள்.

வெள்ளைக் கையுறை போடவேண்டுமா?

சோப்பால் கழுவி நன்றாக உலர்த்திய வெறும் கையே நல்லது. துணிக் கையுறையில் தொடு உணர்வு மழுங்கி, தாள் கிழியும். உலோகக் கொக்கி, புகைப்படம் இருந்தால் மட்டும் கையுறை.

கழன்ற அட்டை, கிழிந்த தாள்: வீட்டில் என்ன செய்யலாம்?

கழன்ற அட்டையை வெளுக்காத பருத்தி நாடாவால் சுற்றி, முடிச்சு முதுகில் விழாமல் எதிர்ப்பக்க விளிம்பில் விழும்படி கட்டிவையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் உருகி ஒட்டும். ஒட்டுநாடா எந்த வகையானாலும் கூடாது, ‘அமிலமற்றது’ என்று போட்டிருந்தாலும்தான். சிறு கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாப்பசையும் போதும். தாளை வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரத்து நார்கள் நீட்டி நின்று நன்றாகப் பிடிக்கும். தோல் பக்கம் அந்தப் பசையைக் கொண்டுபோகாதீர்கள். முதுகு வேலையை எப்போதும் வல்லுநரிடம் விடுங்கள்.

பூச்சித்துளை இருக்கிறது. உயிரோடு பூச்சி இருக்குமா?

பெரும்பாலும் துளை பழையது. சோதனை எளிது: நூலைக் கருப்புத் தாளின்மேல் வைத்து, இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். வெளிர்நிற மாவு புதிதாக உதிர்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது. நூலை பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து, மைனஸ் 18 டிகிரிக்குக் குறையாத குளிர் தரும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு முழுநாள் பையைப் பிரிக்கவேண்டாம். பிரித்தால் காற்றின் ஈரம் நூலின்மேல் நீராகப் படியும். வண்ண ஓவியம், மெழுகு முத்திரை உள்ள நூலை இப்படி உறையவைக்கக் கூடாது. அந்துருண்டை நூலுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. ராமபாணப் பூச்சி வந்தால் அறையில் ஈரம் கூடிவிட்டதென்று பொருள், ஈரத்தைக் குறையுங்கள்.

பழைய உரிமையாளரின் கையெழுத்து, ஓரக்குறிப்புகளை அழிக்கலாமா?

கூடாது. வாதத்தை மறுத்து ஓரத்தில் எழுதியிருப்பது தத்துவ நூலுக்கு மதிப்பைக் கூட்டும். பெயர்ச்சீட்டு, விலைக்குறி, பைண்டரின் சிறு சீட்டு எல்லாமே அந்தப் பிரதியின் வரலாறு. நீங்கள் குறிப்பு எழுதவேண்டுமானால் 2பி பென்சிலால், பின்பக்க வெற்றுத்தாளில், அழுத்தாமல் எழுதுங்கள்.

நூலக முத்திரை மட்டும் வேறு கதை. ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையோ கடிதமோ இல்லாமல் நூலக முத்திரை இருந்தால், அந்த நூலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முத்திரையைச் சுரண்டிய வட்டம், தலைப்புப் பக்கத்தில் வெட்டி ஒட்டுப்போட்ட இடம் இரண்டும் எச்சரிக்கை. பழைய நூல் வணிகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐலேப் களவுபோன நூல்களின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. தேடிப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். பல நாடுகளில் பழைய நூலை வெளியே அனுப்ப அனுமதி வேண்டும் என்பதையும் வாங்குமுன் விசாரியுங்கள்.

குறைந்த பணத்தில் எங்கே தொடங்குவது?

ஒரு கேள்வியையோ ஒரு நூலையோ பிடித்துக்கொள்ளுங்கள். எபிக்டெட்டஸ், மார்க்கஸ் அரேலியஸ், செனெகா, பொயெத்தியஸ், சிசெரோ ஆகியோரின் நூல்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓயாமல் மறுபதிப்பானவை. சிறிய அளவு லத்தீன் பதிப்புகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. கிளாஸ்கோவின் ஃபவுலிஸ் அச்சகத்து 18ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளின் எழுத்தழகுக்கு ஈடு குறைவு. எலிசபெத் கார்ட்டர் ஆங்கிலத்தில் தந்த எபிக்டெட்டஸ் (1758) போல ஒரே ஆசிரியரின் மொழிபெயர்ப்புகளை வரிசையாகச் சேர்ப்பதும் நல்ல வழி. தனித்துப்போன ஒற்றைத் தொகுதிகள் மிக மலிவு; தோல், தாள், ஃபாரக் குறி பழக இவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஆனால் மீதித் தொகுதிகளைப் பின்னால் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

பக்கங்கள் மடிப்போடு ஒட்டியே இருக்கின்றன. வெட்டிப் படிக்கலாமா?

அப்படியென்றால் அந்த நூலை யாரும் படித்ததில்லை. தத்துவ நூல்களில் முன்னுரையும் முதல் அத்தியாயமும் மட்டும் வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது பழைய வாசகர்மீது ஒரு பரிவு வருவது இயல்பு. அரிய பதிப்பானால் வெட்டாதீர்கள், வெட்டாத நிலைக்கே விலை உண்டு. படிக்க ஸ்கேன் பிரதி இருக்கும். சாதாரணப் பதிப்பானால் வெட்டலாம். விரலோ பிளேடோ வேண்டாம். கூர்மழுங்கிய எலும்புக் கத்தியோ மரக் கத்தியோ எடுத்து, முதலில் மேல் மடிப்பு, பிறகு பக்க மடிப்பு என்ற வரிசையில், தைப்பு இருக்கும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். மடிப்பின் உள்மூலைவரை முழுதாக வெட்டியபின் அடுத்த மடிப்புக்குப் போங்கள். பாதியில் விட்டு விரித்தால் அங்கிருந்துதான் தாள் கிழியும்.